'டெர்மினேட்' வழியே ஓர் அகராதி: இணையச் சொற்பிறப்பியல் அகராதி பற்றிய மதிப்புரை

ஓர் அகராதியின் தரத்தை அதிலுள்ள பதிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். நமக்கு அடிக்கடி தேவைப்படும் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதை அந்த அகராதி எந்த ஆழம் வரை கொண்டுசெல்கிறது, எந்த இடத்தில் நம்மைத் தனியே விட்டுவிடுகிறது என்று பார்ப்பதே அதைவிட நேர்மையான சோதனை என்று கருதுகிறேன். 'எட்டிமான்லைன்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி', சட்ட ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் நான் இடைவிடாமல் பயன்படுத்திவரும் இணையதளம். அதை மதிப்பிடுவதற்கு 'டெர்மினேட்' என்ற வினைச்சொல்லைத் தேர்ந்துகொண்டேன். பணிநீக்க ஆணையிலும், வாடகை ஒப்பந்தத்திலும், மருத்துவச் சட்டத்திலும், ரயில்வே அறிவிப்பிலும் ஒரே வடிவில் வந்து நிற்கிற அந்தச் சொல், ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு விளைவைக் கொண்டது. 'முடித்தல்' என்று ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இவை அனைத்தையும் தமிழில் கடந்துவிட முடியாது.

முதலில் இந்த அகராதியைப் பற்றிச் சில விவரங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லங்காஸ்டர் நகரைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர், 2000-களின் தொடக்கத்திலிருந்து தனிமனித முயற்சியாக உருவாக்கியது இது. அவர் பல்கலைக்கழகத் துறை ஒன்றைச் சார்ந்து இதைச் செய்யவில்லை. நாளிதழில் பிரதி திருத்தும் பணியும் வரலாற்று ஆர்வமும் கொண்டவர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி, பார்ன்ஹார்ட்டின் சொற்பிறப்பியல் அகராதி, எர்னெஸ்ட் வீக்லியின் அகராதி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த செஞ்சுரி அகராதி, இடைக்கால ஆங்கிலத்துக்கான தரவுத்தொகுப்பு ஆகியவற்றிலிருந்து செய்திகளைத் திரட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்றிரண்டு பத்திகளில் தருகிறார். ஆகவே இது மூல ஆய்வு நூல் அன்று. தேர்ந்த கை ஒன்று தொகுத்த நூல். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதன் நிறைகளையும் குறைகளையும் எடைபோட வேண்டும்.

'டெர்மினேட்' என்று தேடினால் கிடைக்கும் பதிவு சிறியது. அச்சொல் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பதிவாகிறது. எல்லை வகுத்தல், வரம்பிடுதல், முடித்தல் என்று பொருள்படும் 'டெர்மினாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வருகிறது. அவ்வினை 'டெர்மினுஸ்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. ஒன்றை முடித்தல் என்ற பிறவினைப் பொருளே முந்தியது என்றும், தானே முடிவுறுதல் என்ற தன்வினைப் பொருள் 17-ஆம் நூற்றாண்டில்தான் பதிவாகிறது என்றும் அப்பதிவு சொல்கிறது. வேலையிலிருந்து நீக்குதல், கொல்லுதல் ஆகிய இரு பொருள்களும் 1970-களைச் சேர்ந்தவை என்று குறித்துவிட்டு அது நின்றுவிடுகிறது. இந்த அளவோடு ஒருவர் பக்கத்தை மூடிவிட்டால், சாதாரண ஆங்கில அகராதி ஒன்றின் அடைப்புக்குறிக்குள் கிடைப்பதைவிடச் சற்றே கூடுதலான செய்தியைத்தான் பெற்றிருப்பார். இந்த அகராதியின் உண்மையான வலிமை, 'டெர்மினுஸ்' என்ற சொல்லின் மேல் இடப்பட்டிருக்கும் இணைப்பை அழுத்தும்போதுதான் வெளிப்படுகிறது.

லத்தீன் மொழியில் 'டெர்மினுஸ்' என்பது எல்லை என்ற கருத்தை மட்டும் குறித்த சொல் அன்று. நிலத்தில் நட்டுவைத்த எல்லைக் கல்லையும், அந்தக் கல்லில் உறைந்த தெய்வத்தையும் குறித்தது. ரோமானியர்கள் ஆண்டுதோறும் பிப்ரவரி 23-ஆம் நாளில் அத்தெய்வத்துக்கு 'டெர்மினாலியா' என்ற விழாவை எடுத்தார்கள். அவர்களுடைய பழைய ஆண்டுக் கணக்கின் இறுதிப் பகுதியில் அவ்விழா வந்தது என்பதையும் அகராதி குறிப்பிடுகிறது. ஓவிட் என்ற கவிஞர் அந்த விழாவை விரித்துப் பாடியிருக்கிறார்: அடுத்தடுத்த நிலங்களுக்கு உரியவர்கள் கல்லின் இரு புறத்திலிருந்தும் வந்து, தத்தம் பக்கத்தில் மாலையும் அப்பமும் சாத்துவார்கள், உழவனின் மனைவி வீட்டு அடுப்பிலிருந்து உடைந்த பானை ஓட்டில் நெருப்பு எடுத்து வருவாள், சிறுவன் ஒருவன் கூடையிலிருந்து தானியத்தை அள்ளி மும்முறை நெருப்பில் இடுவான், சிறுமி தேனடையை நீட்டுவாள், ஆட்டுக்குட்டியின் குருதியோ பால்குடிக்கும் பன்றிக்குட்டியின் குருதியோ கல்லின் மேல் தெளிக்கப்படும், பிறகு அண்டை வீட்டார் கூடி உண்பார்கள். பண்டைக்காலத்தில் இத்தெய்வத்துக்கு உயிர்ப்பலி கிடையாது, எல்லைக் காவலன் அமைதிக்கும் நீதிக்கும் சான்றாதலால் குருதி கூடாது என்பதே ஆதி வழக்கம் என்று புளூடார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் வேறுவிதமாக எழுதுகிறார்.

இவ்வளவும் அகராதிப் பதிவில் இல்லை. பதிவில் தெய்வத்தின் பெயரும் விழாவின் பெயரும் நாளும் மட்டுமே உள்ளன. ஆனால் அந்த மூன்றும் போதும். தேட வேண்டிய இடத்தை அவை காட்டிவிடுகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு சென்றால், ரோமானிய நில அளவையாளர்கள் எழுதிவைத்த குறிப்புகள் வரை போகலாம். கல்லை நடுவதற்கு முன் குழியில் பலியிட்டு எரித்து, அந்தச் சாம்பல், கரி, ஓடு ஆகியவற்றின் மேல் கல்லை நிறுத்துவார்கள் என்றும், பிற்காலத்தில் வழக்கு எழுந்தால் கல்லுக்கு அடியில் இவை இருக்கின்றனவா என்று தோண்டிப் பார்த்து அது உண்மையான எல்லைக் கல்தானா என்று தெளிவார்கள் என்றும் அக்குறிப்புகள் கூறுகின்றன. எல்லைக் கல்லை உழுது பெயர்த்தவனும் அவனுடைய ஏர்மாடுகளும் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களாகக் கருதப்பட்டார்கள். அத்தகையவனைக் கொன்றால் குற்றமில்லை என்பது ரோமின் பண்டைய அரசரான நூமாவின் பெயரால் வழங்கிய விதி. ரோம் நகரின் கேபிடோலியக் குன்றில், ரோமானியரின் தலைமைத் தெய்வமான யூப்பிட்டருக்குப் பெருங்கோயில் எழுப்பியபோது, அங்கிருந்த பிற தெய்வங்கள் இடம்பெயர இசைந்தன என்றும், டெர்மினுஸ் மட்டும் அசைய மறுத்துவிட்டது என்றும், அதனால் கோயிலுக்குள்ளேயே அக்கல்லை விட்டுவைத்து, அது வானத்தைப் பார்க்கும்படி மேற்கூரையில் ஒரு திறப்பு அமைத்தார்கள் என்றும் ரோமானியர் நம்பினார்கள். இந்தப் பின்னணியை அறிந்தபின் 'டெர்மினேட்' என்ற வினையின் அடிப்பொருள் நமக்கு வேறாகத் தெரிகிறது. அழிப்பதோ நிறுத்துவதோ அதன் முதற்பொருள் இல்லை. 'இதுவரை, இதற்குமேல் இல்லை' என்று கல் நட்டுக் காட்டுவதே அதன் முதற்பொருள்.

முடிவைக் குறிக்கும் வேறொரு ஆங்கில வினையான 'ஃபினிஷ்' என்பதன் பதிவையும் உடன் பார்ப்பது நல்லது. அதுவும் லத்தீன் மொழியில் எல்லையைக் குறித்த 'ஃபீனிஸ்' என்ற சொல்லிலிருந்தே வருகிறது. அந்தச் சொல்லின் மூலம் உறுதியாகத் தெரியவில்லை என்றும், ஊன்றி நிறுத்துதல் என்ற பொருளுடைய வினையோடு அதற்கு உறவிருக்கலாம் என்றும் அகராதி சொல்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதும் இந்த நேர்மை இந்த அகராதி முழுவதும் காணப்படுவது. சொற்பிறப்பு பற்றிப் பேசும் எந்த நூலிடமும் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

'டெர்மினுஸ்' என்பதற்கும் பின்னால், எழுத்துச் சான்று இல்லாத காலத்துக்குச் செல்லும்போது, லத்தீன், கிரேக்கம், வடமொழி முதலியவற்றுக்குத் தாயாகக் கருதப்படும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் முளை, கம்பம், எல்லைக்குறி ஆகியவற்றைக் குறித்த வேர் ஒன்றை அகராதி காட்டுகிறது. கிரேக்கத்தில் எல்லையைக் குறிக்கும் 'டெர்மா' என்ற சொல்லும், இன்றைய துருக்கிப் பகுதியில் பண்டைக்காலத்தில் வழங்கிய ஹிட்டைட் மொழியில் முளையைக் குறித்த 'தர்ம' என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்தவை. ஹிட்டைட் சான்று முக்கியமானது. கையால் தொடக்கூடிய ஒரு பொருளின் பெயரே பிறகு எல்லை என்ற கருத்துக்குப் பெயரானது என்று கருதுவதற்கு அது இடம் தருகிறது. நம்மவர் இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அறம் என்ற பொருளில் நாம் அறிந்த வடசொல்லான 'தர்மம்' தாங்குதல் என்ற பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வருவது; ஹிட்டைட் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பது தற்செயல். மூலமொழி வடிவங்களின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடப்பட்டிருக்கும். 'இந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைத்ததில்லை. உறவு மொழிகளை ஒப்பிட்டு மீட்டமைத்தது' என்பதே அக்குறியின் பொருள். அதைக் கவனியாமல் அந்த வடிவங்களை யாரோ பேசிக் கேட்ட சொற்களைப் போல எடுத்துரைப்பவர்கள் நம்மிடையே உண்டு.

இதையொட்டி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலச் சொல் ஒன்றின் ஒலி தமிழ்ச் சொல் ஒன்றைப் போல இருந்தால் உடனே அது தமிழிலிருந்து போனது என்று எழுதிப் பரப்பும் வழக்கம் சமூக ஊடகங்களில் மிகுந்திருக்கிறது. 'கொல்' என்பதிலிருந்து 'கில்' வந்தது என்பது அடிக்கடி கண்ணில் படுவது. இந்த அகராதியைத் திறந்து பார்ப்பவருக்கு, அச்சொல் இடைக்கால ஆங்கிலத்தில் அடித்தல், தாக்குதல் என்ற பொருளோடு தொடங்கியதும், அதன் மூலம் ஐயத்துக்குரியதாகவே இருப்பதும் சில வரிகளில் தெரிந்துவிடும். அதே அகராதி கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்களிலிருந்து ஆங்கிலச் சொற்கள் பிறந்ததை எவ்விதத் தயக்கமும் இன்றிப் பதிவு செய்திருக்கிறது. உண்மையான கொடையைச் சான்றோடு காட்டும் கருவி கையில் இருக்கும்போது, பொய்யான உரிமை கோரிப் பெருமை தேட வேண்டிய தேவை தமிழுக்கு இல்லை.

இனி 'டெர்மினேட்' சொல்லின் சுற்றத்தைப் பார்ப்போம். ஒரு பதிவிலிருந்து அதன் உறவுச் சொற்களுக்குத் தாவிச் செல்ல இணைப்புகள் இருப்பது இந்த அகராதியின் மிகப் பெரிய வசதி. அச்சு அகராதியில் ஆறேழு இடங்களைப் புரட்டிச் சேர்க்க வேண்டியதை இங்கே ஒரே அமர்வில் காணலாம். 'டெர்ம்' என்பது காலவரம்பு. ஆகவே பள்ளிப் பருவமும், பதவிக்காலமும், பேறுகாலமும் அச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. அதே 'டெர்ம்' கலைச்சொல்லையும் குறிப்பதற்குக் காரணம், தருக்கத்திலும் கணிதத்திலும் கிரேக்கர்கள் எல்லை என்ற பொருளுடைய தம் சொல்லைப் பயன்படுத்தியதும், இடைக்கால லத்தீன் அறிஞர்கள் அதை 'டெர்மினுஸ்' என்று பெயர்த்ததும் ஆகும். 'எக்ஸ்டெர்மினேட்' என்பது முதலில் எல்லைக்கு வெளியே துரத்துதலையே குறித்தது; விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில் அது அழித்தல் என்ற பொருளில் வழங்கியதைத் தொடர்ந்து, நாடு கடத்தலாக இருந்த சொல் பூண்டோடு ஒழித்தலாக மாறியது. ரயில் பாதையின் கடைசி நிலையத்தை 'டெர்மினஸ்' என்று அழைக்கும் வழக்கம் 1830-களில் இங்கிலாந்தில் ரயில் போக்குவரத்து பரவியபோது தோன்றியது. சென்னையில் பேருந்து முனையங்களை இன்றும் மக்கள் 'டெர்மினஸ்' என்றே சொல்கிறார்கள்.

இந்தச் சுற்றத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது 'டிடர்மின்' என்ற சொல்லின் பதிவு. தீர்மானித்தல் என்றே நாம் அறிந்திருக்கும் அச்சொல், லத்தீனில் சுற்றிலும் எல்லை வகுத்து அடைத்தலைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்த 14-ஆம் நூற்றாண்டிலேயே, காலத்தாலோ பரப்பாலோ வரம்பிடுதல் என்ற பொருளும் அதற்கு இருந்தது. இந்தியச் சட்டத்தைத் தமிழில் பெயர்ப்பவருக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு, குத்தகை எவ்வெவ்வாறு முடிவுக்கு வருகிறது என்பதைக் கூறுவது. அங்கே முடிவுக்கு வருதலைக் குறிக்கும் வினை 'டிடர்மின்ஸ்' என்பதுதான். காலம் கழிந்துவிடுவதால், குறிப்பிட்ட நிகழ்வு நேர்ந்துவிடுவதால், குத்தகைதாரர் உரிமையை விட்டுக்கொடுப்பதால், நிபந்தனை மீறலால் உரிமை பறிபோவதால், அறிவிப்புக் கொடுப்பதால் என்று வரிசையாக வரும் உட்கூறுகள் யாவும் அந்த ஒரே வினையில் தொங்குகின்றன. அதே பிரிவின் ஓர் உட்கூறில், குத்தகைக்கு விட்டவரின் உரிமை முடிவுறுவதைச் சொல்லும்போது மட்டும் 'டெர்மினேட்ஸ்' என்ற வினை வருகிறது. உடன்பிறந்த இரு சொற்கள் ஒரே பிரிவுக்குள், ஒன்று குத்தகைக்கும் மற்றொன்று உரிமைக்குமாக நிற்கின்றன. 'குத்தகையைத் தீர்மானித்தல்' என்று தமிழாக்கப்பட்ட ஆவணங்கள் புழக்கத்தில் உள்ளன. வாடகைத் தொகையைத்தான் யாரோ தீர்மானிக்கிறார்கள் என்று அதைப் படிக்கும் குத்தகைதாரர் எண்ணிக்கொள்ளக்கூடும். வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டது என்பது அவருக்கு விளங்காமலே போகலாம். 'குத்தகை முடிவுறுதல்' என்று எழுதுவதற்குத் தேவையான துணிவை, 'டிடர்மின்' என்ற சொல்லுக்குள்ளும் எல்லைக் கல் ஒன்று இருக்கிறது என்று காட்டும் இந்த அகராதி தருகிறது.

குறைகளுக்கு வருகிறேன். இந்த அகராதி ஒரு வினைச்சொல்லின் பிறப்பைச் சொல்கிறது, பொருள் மாறிய காலத்தைச் சொல்கிறது; அந்த வினை எதைச் செயப்படுபொருளாக ஏற்றது என்பதைச் சொல்வதில்லை. 'டெர்மினேட்' சொல்லின் அண்மைக்கால வரலாறு முழுவதும் அந்தச் செயப்படுபொருளில்தான் அடங்கியிருக்கிறது. வேலையிலிருந்து நீக்குதல் என்ற பொருள் 1970-களைச் சேர்ந்தது என்ற குறிப்பைப் படிக்கும் இந்திய வாசகர் வியப்படைவார். ஏனெனில் நம் சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே 'டெர்மினேஷன்' என்ற சொல் வேலை தொடர்பாக வந்திருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், 1953-இல் சேர்க்கப்பட்ட ஆட்குறைப்பு பற்றிய வரையறை, தொழிலாளரின் பணியை வேலையளிப்பவர் முடிவுக்குக் கொண்டுவருதலையே அச்சொல்லால் குறித்தது. தற்காலிக அரசுப் பணியாளர்கள் பற்றிய 1965-ஆம் ஆண்டின் மத்திய விதிகளும் பணியின் முடிப்பு என்றே பேசுகின்றன.

இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. ஆனால் ஏன் இல்லை என்பதை அகராதி விளக்கவில்லை. சட்டத்தில் முடிக்கப்படுவது பணி அல்லது ஒப்பந்தம். காலவரம்பு உள்ள ஒன்றுக்கு முடிவுக் கல் நடுதல் என்ற பழைய பொருளுக்குள் அது முழுமையாக அடங்குகிறது. 1970-களில் அமெரிக்க ஆங்கிலத்தில் பதிவான புதிய வழக்கில் முடிக்கப்படுபவர் ஆளே: 'அவருடைய பணி முடிக்கப்பட்டது' என்பது போய் 'அவர் முடிக்கப்பட்டார்' என்றாகிறது. ஒப்பந்தம் நின்ற இடத்தில் மனிதர் நிறுத்தப்படுகிறார். இன்று நம் அலுவலகங்களில் 'அவரை டெர்மினேட் செய்துவிட்டார்கள்' என்று சொல்வதும் இந்தப் பிந்தைய வழக்கைச் சேர்ந்ததே. அந்தச் சொற்றொடரில் உள்ள கொடுமை வெறும் உணர்ச்சியால் தோன்றுவதன்று, இலக்கணத்திலேயே இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் முடிக்கப்படுவதாகச் சொல்வது கர்ப்பத்தை. தாயையோ வேறு ஒருவரையோ அந்த வினை தொடுவதில்லை. சட்டம் எழுதுவோர் இந்த எல்லையை எவ்வளவு கவனமாகக் காத்தார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் உணரலாம். இவ்வளவு முக்கியமான வேறுபாட்டை, 'வேலையிலிருந்து நீக்குதல்' என்ற ஒற்றை விளக்கத்துக்குள் அகராதி சுருக்கிவிடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

கொல்லுதல் என்ற பொருளிலும் இதே சிக்கல் உண்டு. 1969-இல் வியட்நாமில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் சிலர், இரட்டை உளவாளி என்று ஐயுற்ற ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டபோது, 'மிகுந்த பாதகத்தோடு முடித்தல்' என்ற பொருளுடைய உளவுத்துறைத் தொடர் அமெரிக்க நாளிதழ்களில் வெளிவந்து பரவியது. அந்தத் தொடர் அலுவலக மொழியிலிருந்து எடுக்கப்பட்டது: ஒருவரின் பணியை, மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு முடிப்பது ஒரு வகை, மீண்டும் சேர்க்கக் கூடாது என்ற குறிப்போடு முடிப்பது மற்றொரு வகை. உளவாளியின் பணியை முடிக்கும் கோப்புமொழி அவருடைய உயிரை முடிக்கும் மறைமொழியாக மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தின் பாதையை அறிய, ஆண்டைக் குறிக்கும் ஓர் எண் போதாது; அக்காலத்து வாக்கியங்கள் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த இடத்தில்தான் முந்திச் செல்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் காலவரிசையில் மேற்கோள் வாக்கியங்களை அடுக்கும் முறையை, தொடக்ககாலப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரேயின் காலத்திலிருந்து அது விடாமல் கடைப்பிடித்துவருகிறது. அதன் முதற்பதிப்பில் 'டி' எழுத்துக்குரிய பகுதியைப் பதிப்பித்தவரும் மரேயே. ஆனால் அதன் இணையப் பதிப்பு கட்டணத்துக்குரியது. தனிநபராக வாங்குவது நம் ஊர் மாணவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் எளிதன்று.

இந்திய ஆங்கிலம் இந்த அகராதியின் கவனத்துக்கு வெளியே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரயில் ஒன்று குறித்த நிலையம் வரை செல்லாமல் வழியிலேயே நிறுத்தப்படுவதை நம் ரயில்வே 'ஷார்ட் டெர்மினேட்' என்று அறிவிக்கிறது. மழைக்காலத்தில் தமிழ்ச் செய்திகளில் 'பாதி வழியில் நிறுத்தம்' என்று வருவது அதைத்தான். கோடிக்கணக்கானோர் பயணம் செய்யும் நாட்டில் நிலைபெற்ற இந்த வழக்குக்கு அந்தப் பதிவில் இடமில்லை. தனிமனிதர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து தொகுப்பதில் இதை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான் என்பேன்; உலகெங்கும் பேசப்படும் ஒரு மொழியின் அகராதி, பேசுவோர் எங்கே இருந்தாலும் அவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

ஆண்டுக் குறிப்புகளைப் படிக்கும் முறை பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு பொருளுக்கு எதிரே தரப்படும் ஆண்டு, அச்சொல் அப்பொருளில் எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் காலம் மட்டுமே. பேச்சில் அது அதற்கும் முன்பே வழங்கியிருக்கும். பழைய ஏடுகள் மின்வடிவம் பெறப்பெற இந்த ஆண்டுகள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஹார்ப்பர் தம் முன்னுரையில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். சொற்பிறப்பு என்பது சொல்லின் பொருளை வரையறுப்பதன்று, பல நூற்றாண்டுகளுக்கு முன் அது எவ்வாறு ஒலித்தது, என்ன பொருள் தந்தது என்பதற்கான விளக்கமே என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் தேடுபொறி வழியாக நேரே ஒரு பதிவுக்குள் வந்து விழும் வாசகர் முன்னுரையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பதிவின் அடியிலும் இரண்டு வரியில் இக்குறிப்பு இருந்திருந்தால், வாதங்களில் இந்த அகராதியைத் தவறாக மேற்கோள் காட்டுவது பெருமளவு குறைந்திருக்கும்.

பயன்படுத்தும் வசதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தளத்துக்குக் கட்டணம் கிடையாது. விளம்பரங்கள் இடையிடையே வருகின்றன, எனினும் வாசிப்புக்குத் தடையாக இல்லை. கைபேசிச் செயலியும் உண்டு. எழுத்துப் பிழையோடு தேடினாலும் பெரும்பாலும் உரிய சொல்லுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. ஒலிப்பு வழிகாட்டுதல் இதன் நோக்கம் அன்று என்பதால், உச்சரிப்பு அறிய வேண்டியவர் வேறு அகராதியை நாட வேண்டும்.

இந்தத் தளத்தைப் பயன்படுத்தும்போதெல்லாம் தமிழுக்கு இப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கம் எழுகிறது. நம்மிடம் அறிவுச் செல்வம் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இலும் அதன் திருத்திய பதிப்பு 1984-இலும் வந்தன. தேவநேயப் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டமும் பல தொகுதிகளைத் தந்திருக்கிறது. முதலிரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் பதிவுகள் ரோமன் எழுத்துப்பெயர்ப்பில், அறிஞர்களுக்கான குறியீடுகளோடு இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'எல்லை' என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் தட்டி, கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அதன் உறவுகளைக் கண்டு, அங்கிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவிச் செல்லும் வசதி இன்னும் அமையவில்லை. ஹார்ப்பர் செய்ததில் புதிய ஆய்வு குறைவு. சிதறிக் கிடந்ததைத் திரட்டி, வாசகரின் மொழியில் எழுதி, இணைப்புகளால் கோத்ததே அவருடைய சாதனை. அந்தப் பணியைத் தமிழுக்குச் செய்ய ஒருவரோ ஒரு சிறு குழுவோ முன்வந்தால் போதும். மூலநூல்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆங்கில இலக்கியம் பயிலும் கல்லூரி மாணவர்களுக்கும், சொல்வளம் பெருக்க விரும்பும் போட்டித் தேர்வர்களுக்கும், ஆங்கில ஆசிரியர்களுக்கும் இந்த அகராதியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். 'டெர்மினல்', 'டெர்மினாலஜி', 'இன்டர்மினபிள்', 'எக்ஸ்டெர்மினேட்' ஆகியவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, எல்லைக் கல்லைச் சுற்றி அவை நிற்பதை ஒருமுறை கண்டுகொள்வது நினைவில் நெடுநாள் தங்கும். சட்டத்தையும் ஒப்பந்தங்களையும் பெயர்ப்பவர்கள் மட்டும் வேறொரு வரிசையைக் கடைப்பிடிப்பது நல்லது: முதலில் அந்தந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவு, அடுத்து அச்சொல் பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகள், பிறகு நூலகத்தின் வழியாகக் கிடைக்குமானால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் மேற்கோள்கள், அதற்கும் பின்னரே இத்தளம். புதிதாக உள்ளே செல்பவர்கள் 'டெர்மினேட்' பதிவிலிருந்து தொடங்காமல் 'டெர்மினஸ்' பதிவிலிருந்து தொடங்கலாம்; மற்றவை அனைத்துக்கும் வழி அங்கிருந்துதான் பிரிகிறது.